ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போயிட மாட்டாங்க. மாடி வீடு பாக்கத்தானுங்களே வந்தீங்க? பாக்கலாம். ஆனா சாவி என்ற சம்சாரத்துகிட்ட இருக்குதுங்க. அவ நேத்து பல்லடத்துல அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கறா. அக்காளுக்கு மூட்டு வலி, மாசத்துல ரெண்டு தடவை இவ போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் அந்தம்மாவுக்கு நடக்க வரும்போல. தாராபுரம் பஸ்ஸு இப்படித்தான் வரும், அதுல வந்து எறங்குவா. சித்தெ நேரம்தான். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

ஏனுங்க, வீடு காலியா இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வாசல்ல ஒரு போர்டு கூட நான் வெக்கலையே. போன்லயா? போன்ல எதுல? பஸ் டைம் பாக்கறப்ப அடியில வந்துச்சா. சரியாப் போச்சு. இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு தம்பி. எல்லாரும் போன்ல பாத்தேன், போன்ல பாத்தேன்னுதான் வர்றாங்க. எவனோ புரோக்கரு என்னையக் கேக்காமலே போட்டு வுட்டிருக்கறான். ஆளு யாருன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேக்கோணும். எனக்கு விளம்பரம்னாலே ஆகாதுங்க. கடைசியில என்ற வீட்டுக்கே விளம்பரம்.

வாத்தியார் வேலையா? எந்த ஸ்கூலு? ஓ, புதுசா மாத்தல் ஆகி வந்திருக்கறீங்களா. நல்லது. பசங்ககிட்ட கத்திக் கத்தி உங்களுக்கும் வீட்டுக்கு வந்தா அமைதி வேணும்னு இருக்குமே. நானும் அதே கேசுதானுங்க. மில்லுல எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பாத்தேன். நூல் அறுந்தா மெஷினு தானா நிக்கோணும், அதுக்கு உள்ள ஒரு கார்டு இருக்கும், அது கெட்டுப்போச்சுன்னா என்னையக் கூப்புடுவாங்க. சர்வீஸ் பூரா அந்தச் சத்தத்துலயே ஓடிப்போச்சு. ரிட்டயர் ஆனப்பறம் நான் வேணும்னு நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான், அமைதி. சொத்தா கேட்டேன், சுகமா கேட்டேன்? அது கூடக் கெடைக்கலைங்க.

எங்க கெடைக்குது? காத்தால பேப்பரைப் பிரிச்சா மொதப் பக்கம் பூராவும் நகைக்கடை. செய்தி எங்கன்னு தேடி உள்ள போகோணும். தெருவுல ஒருத்தன் பழைய இரும்பு எடுக்கறேன்னு மைக் கட்டிட்டு வர்றான், அவன் போனா உப்புக்காரன் மைக் கட்டிட்டு வர்றான். காம்பவுண்டு செவுத்துக்கு வெள்ளையடிச்ச மறுநாளே மூலத்துக்கு வைத்தியம்னு எழுதிட்டுப் போயிட்டான் ஒருத்தன். போன் நம்பரோட. அலுத்துப் போச்சுங்க.

என்ன பாக்கறீங்க, இதையா? எல்லாரும் கேப்பாங்க. போன்தான். போன்னும் சொல்லலாம், கம்ப்யூட்டருன்னும் சொல்லலாம். இப்படித் தள்ளுனா கீபோர்டு வெளிய வருது பாருங்க. உள்ள ஓடறது லினக்ஸ். மில்லுல என்கூட இருந்தவரோட மச்சான் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தது, அவருக்கு இதை என்ன பண்ணறதுன்னு தெரியலை, எனக்குக் குடுத்துட்டாரு. செஞ்ச கம்பெனியே இதை மறந்துட்டாங்க. இந்த மூலையில ஒடைஞ்சதுக்கு நானே எம்சீல் வெச்சு ஒட்டியிருக்கறேன். நான் சொன்னதை மட்டும் செய்யற பொருளு இந்த வீட்டுல இது ஒண்ணுதான்.

ஆனா வயசாயிடுச்சு, மெமரி கம்மி. ஒரு பக்கம் தொறந்தோம்னா நாம கேட்டது ரெண்டு வரி, கேக்காதது இருபது படம். சீட்டு, பனியன், ப்ளாட்டு, சக்கரை வியாதிக்கு மாத்திரை. அதையெல்லாம் எறக்கி முடிக்கறதுக்குள்ள இது மூச்சு வாங்கிப் படுத்துக்கும்.

அதுக்குத்தான் ஹோஸ்ட்ஸ் ஃபைலு. சொல்றேன், கேளுங்க, பெரிய வித்தையெல்லாம் இல்ல. நீங்க ஒரு சைட்டு பேரு அடிக்கறீங்க. அந்தப் பேருக்கு ஒரு நம்பர் இருக்கும், வீட்டு விலாசம் மாதிரி. வெளிய போய் அந்த விலாசத்தைக் கேக்கறதுக்கு முந்தி, இந்த டப்பா தனக்குள்ளயே ஒரு சின்ன ஃபைலைப் பொரட்டிப் பாக்கும். அதுல எழுதியிருந்தா மேற்கொண்டு யாரையும் கேக்காது, அதையே நம்பிக்கும். அப்ப நான் என்ன பண்ணறேன், விளம்பரம் அனுப்பற கம்பெனி பேரை அதுல எழுதி, அதுக்கு நேரா இந்த டப்பாவோட சொந்த விலாசத்தைப் போட்டுடறேன். நூத்தி இருபத்தேழு, சைபர், சைபர், ஒண்ணு. அவ்வளவுதான் சோலி. விளம்பரத்தைக் கூட்டிட்டு வர்றேன்னு டப்பா கெளம்பும், தன் வீட்டுக் கதவையே தட்டும், ஆளில்லைன்னு திரும்பி வந்துடும். விளம்பரம் இருந்த எடத்துல வெறும் வெள்ளை. அந்த வெள்ளையப் பாக்கறப்ப மனசுக்கு அப்படி ஒரு சொகமுங்க.

ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஊர் ஒலகத்துல என்னைய மாதிரி அலுத்துப்போனவங்க நெறையப் பேரு இருக்காங்க போல, அவங்க லிஸ்ட்டு போட்டு நெட்டுல சும்மாவே குடுக்கறாங்க. ஞாயித்துக்கெழமை காத்தால நான் புது லிஸ்ட்டை எறக்கி, நான் கைப்பட எழுதுனதோட சேத்துருவேன். அதுல ஒரு பழக்கம் வெச்சிருக்கறேன். ஒரு வரி எழுதுனேன்னா அந்த நிமிஷமே மெமரி கார்டுல ஒரு காப்பி போட்டுருவேன். மில்லுல கத்துக்கிட்டதுங்க அது. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கோணும். ஞாயித்துக்கெழமை சேக்கறப்பவும் அந்தக் காப்பியில இருந்துதான் எடுத்துச் சேப்பேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி தொலைஞ்சதில்ல.

காபி போடட்டுங்களா? எனக்குப் போடத் தெரியும். வேண்டாமா. சரி.

மாடியில இதுக்கு முந்தி யாரு இருந்தாங்கன்னு கேக்கறீங்களா. வாடகைக்கு யாரும் இருந்ததில்லீங்க. என்ற மக இருந்தா. சிந்துஜா. ஒரே புள்ள. இன்ஜினியரிங் படிக்க வெச்சேன், சென்னையில வேலைக்குப் போனா, நல்ல சம்பளம். ஒரு நாளு பொட்டியோட வந்து நின்னு, வேலைய வுட்டுட்டேன், இங்கயே சொந்தமா ஒண்ணு பண்ணப்போறேன்னா. என்ன கண்ணு பண்ணப்போறேன்னேன். பஸ் டைமுன்னா.

சிரிக்காதீங்க, நானும் அப்பச் சிரிச்சேன். ஆனா விஷயம் இருக்குதுங்க அதுல. நம்ம பக்கம் மினி பஸ்ஸு எப்ப வரும், எப்ப வராது, யாருக்குத் தெரியும்? பனியன் கம்பெனிக்குப் போற பொம்பளைங்க, ஆஸ்பத்திரி நர்சுங்க, காலேஜ் பசங்க, எல்லாரும் ரோட்டுல நின்னு எட்டி எட்டிப் பாத்துட்டே இருப்பாங்க. இவ என்ன பண்ணுனா, ஊர் ஊராப் போயி பஸ் ஸ்டாண்டுல உக்காந்து, கண்டக்டருங்ககிட்டயும் டிரைவருங்ககிட்டயும் கேட்டுக் கேட்டு, ஒரு சைட்டு போட்டா. வெயில்ல சுத்திக் கறுத்துப் போயிட்டா புள்ள. மாடியிலதான் அவ ஆபீஸு. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டரு, செவுத்துல பெரிய மேப்பு. அந்த மேஜை இன்னும் அங்கதான் இருக்குது. நீங்க வந்தா அதை எங்க கொண்டு போய்ப் போடறதுன்னுதான் எனக்கு யோசனை.

சைட்டு நல்லாத்தான் போச்சு. ஆனா சோத்துக்கு வழி? விளம்பரம் போட்டா. தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கால்ல ஒண்ணு. நேரா கடைக்காரங்ககிட்ட வாங்கி அவ சைட்டுக்குள்ளயே வெச்சுட்டா, அதனால என் ஃபைலு அதைத் தடுக்காது. யாரு விளம்பரத்தைக் கண்டா காத தூரம் ஓடறானோ அவன் பெத்த புள்ள விளம்பரத்துல பொழைக்குது, எப்படி இருக்கும் எனக்கு? நானும் நல்ல விதமாச் சொன்னேன். வேண்டாம் கண்ணு, ஜனங்களுக்கு உபகாரமா செய்யறதுல போய் போர்வெல்லையும் ஜவுளியையும் சொருகாதேன்னு. அதுக்கு அவ, ‘அப்பா, உங்களுக்கு மில்லு சம்பளம் குடுத்துச்சு, எனக்கு போர்வெல்லுதான் குடுக்குது’ங்கறா. ஏட்டிக்குப் போட்டி.

ஒரு நாளு நான் சிங்காநல்லூர் போகோணும். ஸ்டாப்புல நின்னுட்டு, என்ற மக போட்ட சைட்டுதானேன்னு பெருமையா இந்த டப்பாவுல தொறந்தேன். நேரம் வருமா, வராது. ஒரு நகைக்கடைக்காரி சிரிச்சுட்டே எறங்கிட்டு இருக்கறா, தலை வந்துச்சு, கழுத்து வந்துச்சு, அதுக்குள்ள நான் போகவேண்டிய பஸ்ஸு என் மூக்கு முன்னால போயிடுச்சு. எத்தனை பேரு பாத்தாங்க தெரியுங்களா. கோவம்னா கோவம். திரும்பி நேரா வீட்டுக்கு வந்து மாடி ஏறுனேன்.

மாடியில யாரோ ஒருத்தரு உக்காந்திருந்தாரு. போர்வெல் கம்பெனி மேனேஜராம். ஒரு வருஷத்துக்குச் சேத்து விளம்பரம் குடுக்கறதுக்குப் பேச வந்திருக்கறாரு. அவருக்கு முன்னால வடை, காபி, எல்லாம் வெச்சிருக்கறா. எனக்கு இருந்த கோவத்துல நான் ஒண்ணும் திட்டல தம்பி, சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்தை திட்டல. பொறுமையா இந்த டப்பாவை மேஜையில வெச்சு, ஃபைலைத் தொறந்து, அவ சைட்டு பேரையே எழுதி, நேரா நூத்தி இருபத்தேழு போட்டு, பழக்கம் போல கார்டுல ஒரு காப்பியும் எடுத்து வெச்சேன். அப்பறம் அந்த ஆளுகிட்டக் காட்டுனேன். ‘பாருங்க சார், ஒரே வரி. உங்க விளம்பரம் போச்சு, அவ கடையும் போச்சு. என்னைய மாதிரி ஊருக்குப் பத்துப் பேரு இருந்தா உங்க காசு தண்ணியிலதான்’னேன். உண்மையத்தானே சொன்னேன்? அந்த மனுசன் வடையக் கீழ வெச்சுட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டாரு. அப்பறம் வரவே இல்ல. நல்லா வெவரமான ஆளுன்னுதான் நான் நெனச்சேன்.

அவ பக்கம் திரும்புனேன். கத்துவான்னு பாத்தேன், அழுவான்னு பாத்தேன். தட்டை எடுத்துட்டுக் கீழ போயிட்டா. எனக்குக் கோவம் தணிஞ்சு, அன்னிக்குச் சாயங்காலமே அந்த வரியத் தொறந்து அழிச்சுட்டேன். எவ்வளவு கோவம் இருந்தாலும் பெத்த புள்ள சைட்டை நான் அடைச்சு வெப்பனா? அழிச்சேன், சைட்டு வந்துச்சு, கண்ணால பாத்தேன். இது உங்களுக்குத் தெளிவா இருக்கட்டும். நான் எங்கயுமே தப்புப் பண்ணல.

ரெண்டு நாளு கழிச்சு பொட்டி கட்டிட்டா. தாராபுரத்துல கூடப் படிச்ச புள்ள ஒண்ணு இருக்குது, அங்க தங்கிக்கறேன்னா. வாசல்ல நின்னு சொன்னா, ‘அப்பா, நேர்ல நான் என்ன சொன்னாலும் உங்க காதுல ஏற மாட்டேங்குது. நான் சொல்ல வேண்டியதை இனி சைட்டுலயே போடறேன். அதையாவது பாருங்க. பாத்துட்டு நீங்க கூப்பிடோணும். நானாக் கூப்பிட மாட்டேன்.’ எவ்வளவு திமிரு பாருங்க. ஆனா நான் சரின்னுட்டேன். அதுக்கென்ன, பாக்கறேன், படிக்கறதுக்கு என்ன கஷ்டம்.

அடுத்த நாளு பாத்தேன், ஒண்ணுமில்ல, பழைய மாதிரி பஸ் டைமுதான். அதுக்கடுத்த நாளும் பாத்தேன். ஞாயித்துக்கெழமை வழக்கம் போல ஃபைலு வேலையெல்லாம் முடிச்சுட்டு, திங்கக்கெழமை காத்தால தொறந்தா, சைட்டே இல்ல. பக்கம் கெடைக்கலைன்னு வருது. மறுநாளும் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. சைட்டை மூடிட்டுப் போயிட்டா.

எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுங்களா? பாத்தியா, நான் சொன்னேன்லன்னு தோணுச்சு. அந்த போர்வெல்காரன் போனான், அவ கடை ஒரு மாசம் தாங்கலைன்னு. அப்பறம்தான் வெசனம் புடிச்சுக்கிச்சு. கடைய மூடிட்டு அந்தப் புள்ள அங்க என்ன சாப்புடுது? என்கிட்ட என்னமோ சொல்றேன்னு போச்சே, சொல்லாமயே மூடிட்டுதே. ரெண்டு வருஷமா நெதம் காத்தால டிபன் சாப்புடறப்ப தொறந்து பாக்கறேன் தம்பி. இட்லி ஆறிப்போகுது. கூப்பிடலாம்னு நம்பரை எடுப்பேன், எடுத்துட்டு வெச்சுருவேன். பாத்துட்டுக் கூப்பிடுன்னு சொன்னா. பாக்கறதுக்கே ஒண்ணும் வெக்கலையே, என்னன்னு கூப்பிடறது?

என்ற சம்சாரம் சுலோச்சனாகிட்டச் சொன்னேன். ‘மூடல, இருக்குதுங்க’ன்னா. அவ போன்ல தொறந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. நீட்டுன ஒடனே ஒரு பனியன் விளம்பரம், ஆளு துள்ளிக் குதிக்கறான். அந்தக் கருமத்தை அக்கட்டால கொண்டு போன்னேன். அது பழைய பக்கம்டி, போன்ல சேந்து கெடக்கும், அதைத்தான் காட்டுதுன்னு வெளக்கிச் சொன்னேன். அவளுக்கு என்ன தெரியும் டெக்னிக்கலா? ரெண்டு மூணு தடவை நீட்டுனா, அப்பறம் நீட்டறதில்ல. தனியா உக்காந்து போனைப் பாத்துச் சிரிச்சுக்குவா. என்னத்தைப் பாப்பாளோ.

இப்ப இந்த வாடகை யோசனையும் அவளோடதுதான். நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா ஓடி வர மாடியில ஒரு ஆளு சத்தம் இருக்கட்டும்ங்கறா. எனக்கு இஷ்டமில்லீங்க. மொதல்ல வந்தவரு நல்ல மனுசன்தான், ஆனா புல்லட்டு வெச்சிருந்தாரு, சத்தம் ஆகாதுன்னுட்டேன். அடுத்து வந்தவங்க புருசன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் சத்தமே இல்ல, அது என்னமோ புடிக்கலைன்னு அனுப்பிட்டேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அவ திரும்பி வந்தா எங்க இருப்பா? கீழ இருக்கறது ஒரே ரூமு. அந்த மேஜைய எடுத்துட்டா அப்பறம் அவ வர்றதுக்கு இந்த வீட்டுல எடமில்லைன்னு ஆயிடும். அது சுலோச்சனாவுக்குப் புரிய மாட்டேங்குது.

சைட்டு பேருங்களா? ‘அடுத்த பஸ் எப்ப’. அதான் பேரு. வேற நல்ல பேரு வெய்யின்னு சொன்னேன், ஜனங்க அப்படித்தானப்பா கேக்கறாங்கன்னா.

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?

இதுலதான் பாத்தீங்களா? இல்லீங்க, அது வேற ஏதாச்சும் இருக்கும். பேரைக் காப்பி அடிச்சிருப்பாங்க. அது மூடி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு இவ்வளவு நேரம் யாருகிட்டச் சொல்லிட்டிருந்தேன்? இருங்க, நான் இதுல தொறந்து காட்டறேன். பாருங்க. பக்கம் கெடைக்கலை. நீங்க தொறங்க. வருதா. வருது. அது உங்க சிம் கம்பெனி நெட்டு, எங்க வீட்டு நெட்டு வேற. வைஃபையில போட்டுப் பாருங்க, பாஸ்வேர்டு என் பேருதான், நஞ்சப்பன், எல்லாம் சின்ன எழுத்து. போட்டீங்களா. இப்பத் தொறங்க.

அதுலயும் வருதா.

அந்த ஃபைல்லயா? அதான் சொன்னனே, அன்னிக்கே அழிச்சுட்டேன்னு. இந்தக் கையாலதான் அழிச்சேன். காப்பியிலயா? காப்பி கார்டுல இருக்குது. கார்டுல நான் எதையும் அழிக்கறதில்லீங்க, அதுக்குப் பேருதானே காப்பி. ஞாயித்துக்கெழமை அதுல இருந்துதான்...

சரி, அதை வுடுங்க. பழைய டப்பா, என்னமோ பண்ணியிருக்கும்.

என்ன இருக்குது அதுல? பஸ் டைமு இருக்குதா. நெறைய இருக்குதா. எந்தெந்த ஊரு? காங்கயம், ஒட்டன்சத்திரம், பழனி வரைக்குமா. நம்ம பக்கத்தோட நின்னிருந்துச்சு அது. கீழ யாரு பேரு போட்டிருக்குது? ம்.

என் கண்ணாடி உள்ள இருக்குது. அந்த வீட்டு விளம்பரத்தைத் தொறங்க. எங்க வீட்டு விளம்பரம், அதேதான். நீங்களே படிங்க. மெதுவா.

"சூலூரில் மாடி வீடு வாடகைக்கு. ஒரு படுக்கையறை, தனிப் படிக்கட்டு. ஜன்னல் மேற்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் வெயில் அடிக்கும், திரை போட்டுக்கொள்ளவும். வாசலிலேயே பஸ் நிற்கும். தாராபுரத்துக்கு நேர் பஸ் உண்டு, உட்கார்ந்துகொண்டே வரலாம். வீட்டுக்காரர் நஞ்சப்பன் நிறையப் பேசுவார், பொறுமையாகக் கேட்டால் போதும். ஃபேன், மிக்ஸி எது கெட்டாலும் அவரே சரிசெய்து தருவார். நல்ல மனிதர். கோபம் சாயங்காலத்துக்குள் போய்விடும்."

தண்ணி காத்தால மட்டும்தான் வரும்னு போடல பாருங்க. அதைப் போட்டிருக்கோணும். வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா.

தாராபுரத்துக்கு நேர் பஸ்ஸுன்னு எதுக்குங்க போட்டிருக்குது? வீட்டுக்கு வாடகைக்கு வர்றவன் தாராபுரம் எதுக்குப் போறான்? நீங்க போகோணுமா? இல்லயே. அந்தப் பஸ்ஸுல யாரு போகோணும்?

கடைசி வரிய இன்னொரு தடவை படிங்க.

போதும் தம்பி. தண்ணி இங்கதான் இருக்குது, நானே எடுத்துக்கறேன். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறேன்.

இதை எப்பப் போட்டாளாம்? தேதி இருக்குதா? இந்த மாசம்தானா. அப்ப அதுக்கு முந்தி என்னென்ன போட்டாளோ. ரெண்டு வருஷம். நான் இந்த டப்பாவுல தொறந்து தொறந்து பாத்துட்டே இருந்தேன்.

அடியில நம்பர் இருக்கும். நீங்க கூப்பிட்டீங்களா? எப்ப? இன்னிக்குக் காத்தாலயா? யாரு எடுத்தாங்க? பொம்பளப் புள்ளையா. குரல் எப்படி இருந்துச்சுங்க? இல்ல, சளி புடிச்ச மாதிரி இருந்துச்சான்னு கேக்கறேன். இந்தக் காத்து மாறுச்சுன்னா அவளுக்கு ஆகாது, சின்ன வயசுல இருந்தே. நல்லாப் பேசுனாளா. வேகமாப் பேசுனாளா, நிதானமாவா? ஆமாங்க, வேகமாத்தான் பேசுவா. என்னைய மாதிரி.

வேற என்ன சொன்னா? நடுவுல யாருகிட்டயோ கேட்டாளா? ‘அம்மா, அப்பா இன்னிக்கு வீட்டுலதான இருப்பாரு’ன்னா?

பல்லடம்னுதான் சொல்லிட்டுப் போனா சுலோச்சனா. மூட்டு வலின்னு. சரி. அவ மட்டும் என்ன பண்ணுவா, நீட்டி நீட்டிக் கை வலிச்சிருக்கும்.

இன்னும் ஏதோ சொல்ல வர்றீங்க, சொல்லுங்க. சாவியப் பத்தியா? ‘சாவி இல்லைன்னு சொல்லுவாரு, சட்டைப் பையிலதான் இருக்கும், கொஞ்ச நேரம் பேச வுடுங்க, அவரே எடுத்துக் குடுப்பாரு’ன்னா? அப்படியேவா சொன்னா? இதைத் தெரிஞ்சுட்டேதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்களா. நல்ல வாத்தியாருங்க நீங்க.

இந்தாங்க. பெருசு மாடிக் கதவுக்கு, சின்னது பாத்ரூமுக்கு. கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளோணும், மழைக்கு உப்பியிருக்குது. நீங்க போய்ப் பாத்துட்டு இருங்க. அந்த மேஜை மேல தூசு இருக்கும், தொடச்சுக்கலாம். உங்களுக்குப் பேப்பர் திருத்த மேஜை வேணும்ல, அது அங்கயே இருக்கட்டும். அவ வந்தா கீழ என் கட்டில்ல படுத்துக்கட்டும், நான் ஹாலுல படுத்துக்கறேன். வர்றவ ரெண்டு நாளு இருக்கத்தான வருவா.

நான் வரலைங்க, நீங்க போங்க. எனக்கு ஒரு போன் பண்ணோணும். இதுலயே பேசலாம், இதுக்கு அதெல்லாம் வரும். நம்பர் படிக்க வேண்டாம், மனப்பாடம்தான்.

என்னன்னு ஆரம்பிக்கறதுங்க தம்பி? எப்படி இருக்கற கண்ணுன்னு கேட்டா அழுதுருவேன். வேண்டாம். உங்களை மாதிரியே சொல்லிப்போடறேன். விளம்பரம் பாத்தேன், அதான் கூப்பிடறேன்னு.